ஆசிட் ஊற்றிக் கழுவினால் சிமெண்ட் ஷீட்டின் நஞ்சு போய்விடுமா?

தறிக்குடோன் (சோமனூர்):

வணக்கமுங்க. எங்கள் தறிக்குடோன் கூரை அப்பா காலத்தில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) சிமெண்ட் ஷீட். மேற்கு ஓரம் ஒழுகுகிறது, நடுவில் சில ஷீட்டுகளில் விரிசல். மேலே சாம்பலும் கருப்புமாகப் பாசி படர்ந்திருக்கிறது. ஆடிக்காற்று எடுப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

ஷீட் கடைக்காரர் சொல்வது: "இதில் இருப்பது வெள்ளைக் கல்நார். நீலக் கல்நார்தான் விஷம். வெள்ளையில் இருப்பது வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற மருந்தில் உள்ள அதே மக்னீசியம், நுரையீரலுக்குள் போனாலும் கரைந்துவிடும்." பெயின்ட் வேலை எடுப்பவர் சொல்வது வேறு: "நஞ்செல்லாம் நாரின் மேற்பரப்பில்தான் இருக்கிறது. பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் பெயின்ட் அடித்தால் அது செத்துவிடும்." போனில் ஏதோ வீடியோவும் காட்டினார்.

இரண்டு பேச்சிலும் வேதியியல் வருகிறது. பிளஸ் டூ வரை படித்தவன்தான், பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வேன். இந்த நாரின் மேற்பரப்பில் அப்படி என்னதான் இருக்கிறது? அதைக் கழுவி எடுக்க முடியுமா? கூரைக்கு அடியில் நாள் முழுக்க ஆட்கள் தறி ஓட்டுகிறார்கள். அவர்களுக்காகத்தான் கேட்கிறேன்.

பெருந்துறைக்காரி:

தம்பி, ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். இனி காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் கோவையில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆராய்ச்சிப் படிப்பில் கனிமத் தூள்களின் மேற்பரப்புதான் என் வேலையாக இருந்தது. அப்பா திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளில் பாய்லர் ஃபிட்டர். ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை வெறுங்கையால் முறுக்கிப் பாய்லர் கதவு ஓரத்தில் திணித்த கை அது. அதனால் எனக்கு இது வெறும் பாடம் இல்லை.

கல்நார் என்பது ஒரே கனிமம் இல்லை. வணிகத்தில் அந்தப் பெயரில் வந்தவை ஆறு. வெள்ளைக் கல்நாரான கிரைசோடைல் ஒரு குடும்பம். நீலம், பழுப்பு, ட்ரெமோலைட் உள்ளிட்ட மற்ற ஐந்தும் ஆம்ஃபிபோல் என்ற வேறு குடும்பம். உங்கள் கடைக்காரர் சொன்னதில் பாதி இந்தக் குடும்ப வித்தியாசத்திலிருந்து வருகிறது, அந்தப் பாதி உண்மையும்கூட.

கிரைசோடைலில் சிலிக்கா அடுக்கு ஒன்றும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு அடுக்கு ஒன்றும் ஒட்டியிருக்கின்றன. மக்னீசிய அடுக்கு அளவில் கொஞ்சம் பெரியது. இரண்டும் பொருந்தாததால் அந்த இரட்டை அடுக்கு பாய் சுருட்டியதுபோலத் தானே சுருண்டுகொள்கிறது. ஒரு சுருளின் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். சுருளும்போது மக்னீசியப் பக்கம் வெளியே வந்துவிடும். ஆக, செல்லைத் தொடுவது மக்னீசியம் ஹைட்ராக்சைடு. வயிற்றெரிச்சல் மருந்தில் இருப்பதும் அதுதான், கடைக்காரர் அதில் பொய் சொல்லவில்லை. உடம்பின் நீரில் இந்தப் பரப்பு நேர் மின்னேற்றம் பெறுகிறது. செல்லின் தோலோ எதிர் மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டும். சோதனைக் குழாயில் இரத்தச் சிவப்பணுக்களோடு கிரைசோடைலைக் கலந்தால் அணுக்கள் வெடித்துச் சிவப்பு வெளியே வரும்.

நீலக் கல்நாரில் சிலிக்கா இரட்டைச் சங்கிலியாக நாரின் நீளவாக்கில் ஓடுகிறது. பரப்பு எதிர் மின்னேற்றம். சிவப்பணுக்களை அது அவ்வளவாக வெடிக்க வைப்பதில்லை.

இந்தச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் வெள்ளைதான் பெரிய கெடுதல் என்று வரும். நடந்தது நேர்மாறு. தென்னாப்பிரிக்காவில் நீலக் கல்நார்ச் சுரங்கங்கள் இருந்த கேப் பகுதியிலிருந்து 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி 1960-இல் வாக்னரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். மீசோதீலியோமா என்பது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய், அதற்கு முன் மிக அபூர்வம் என்று நினைக்கப்பட்டது. அதன் பிறகு வந்த ஆய்வுகளிலும் மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை ஆம்ஃபிபோல்தான் முன்னே நிற்கிறது.

ஏன் சோதனைக் குழாய் ஒன்று சொல்ல நுரையீரல் வேறு சொல்கிறது? நுரையீரலின் காற்றறைகளில் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலம் இருக்கிறது. உள்ளே போகும் நாரை அது முதலில் பூசிவிடுகிறது, மின்னேற்றத்தின் வேகம் அடங்கிவிடுகிறது. பிறகு அந்த மக்னீசிய அடுக்கே நிலைப்பதில்லை. நாரை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் உள்ளறையில் பி.எச். சுமார் 4.5. அந்த அமிலத்தில் மக்னீசியம் கரைந்து வெளியேறுகிறது, மிஞ்சும் சிலிக்கா தளர்ந்து துண்டு துண்டாகிறது. ஆம்ஃபிபோல் அப்படிக் கரைவதில்லை, பல பத்தாண்டுகள் கிடக்கும். கடைக்காரர் சொன்ன "கரைந்துவிடும்" இங்கேயிருந்து வந்ததுதான்.

இப்போது இரும்பு. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் நடு இதுதான்.

நீலக் கல்நாரின் எடையில் கால் பங்குக்கும் மேல் இரும்பு. மேக்ரோஃபேஜ் எதையாவது தின்னும்போது ஹைட்ரஜன் பெராக்சைடைத் தானே உண்டாக்கும், கிருமியைக் கொல்வதற்காக. நாரின் மேற்பரப்பில் உள்ள இரும்பு அயனி அந்தப் பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் ராடிக்கலாக மாற்றிவிடுகிறது. ஃபென்டன் வினை என்று பெயர். அந்த ராடிக்கல் பக்கத்தில் எது இருந்தாலும் தாக்கும், டி.என்.ஏ. உட்பட. தலசீமியா நோயாளிகளின் உடலில் சேரும் இரும்பை எடுக்கக் கொடுக்கும் டெஸ்ஃபெரியாக்சமின் மருந்தைச் செல் சோதனைகளில் சேர்த்தால் கல்நார் செய்யும் டி.என்.ஏ. சேதம் குறைகிறது. இரும்புதான் காரணம் என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி.

ஆனால் "இரும்பு அதிகம் என்றால் நஞ்சு அதிகம்" என்று கணக்குப் போட முடியாது. அப்படியானால் துருத் தூள் இதைவிட மோசமாக இருக்க வேண்டும், நம் ஊர்ப் பவுண்டரிகளில் அது இறைந்து கிடக்கிறது. இத்தாலியில் டூரின் பல்கலைக்கழகத்தில் பிச்சே ஃபூபினியின் குழு பல ஆண்டுகள் இதைத் துருவியது. இரும்பே இல்லாத கிரைசோடைலைச் செயற்கையாகத் தயாரித்துச் செல்களில் இட்டுப் பார்த்தார்கள், பெரிய பாதிப்பு இல்லை. அதே நாரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இரும்பை ஏற்றினார்கள், ராடிக்கல் உண்டாக ஆரம்பித்துவிட்டது. கூட்டமாக ஒட்டிக்கிடக்கும் இரும்பைவிடப் பரப்பில் தனித்தனியாக நிற்கும் இரும்பு அயனிதான் துடிப்பானது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்பதே முக்கியம். இயற்கையில் வெட்டியெடுக்கும் வெள்ளைக் கல்நாரிலும் மக்னீசியத்தின் இடத்தில் கொஞ்சம் இரும்பு உட்கார்ந்திருக்கும். அந்தக் கொஞ்சம் போதும்.

துருக்கியின் கப்படோகியாவில் கராயின், துஸ்கோய் போன்ற கிராமங்களில் மீசோதீலியோமா ஊரையே பிடித்தது. அங்கே இருப்பது எரியோனைட் என்ற நார். அது கல்நாரே இல்லை, சியோலைட் என்ற நுண்துளைக் கனிம வகை. அதன் கட்டமைப்பில் சொல்லிக்கொள்ளும்படி இரும்பு கிடையாது. சியோலைட் அயனிகளை மாற்றிக்கொள்ளும் குணமுள்ளது, அதனால் உடம்புக்குள் போய் அங்கிருக்கும் இரும்பைத் தன் மேல் ஏற்றிக்கொள்ளும். நார் தானே இரும்பு கொண்டுவர வேண்டும் என்றுகூட இல்லை.

அடுத்தது நீளம். மேக்ரோஃபேஜால் விழுங்கி முடிக்க முடியாத நார் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், செல் பெராக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்கும். 8 மைக்ரானுக்கு மேல் நீளமும் 0.25 மைக்ரானுக்குள் தடிமனும் உள்ள நார்கள் எலிகளில் அதிகக் கட்டி உண்டாக்கியதாக 1981-இல் ஸ்டான்டன் குழு காட்டியது. நீளம், கரையாமை, இரும்பு நிற்கும் பரப்பு, மூன்றும் சேரும் இடத்தில்தான் கல்நார் கல்நாராகிறது. துருவுக்கு முதல் குணம் இல்லை. அதனால் தப்பித்தது.

சரி, உங்கள் ஷீட். வெள்ளை கரைகிறது என்பதால் பாதுகாப்பானதா? இல்லை. கரைய வாரங்களோ மாதங்களோ ஆகும், தினமும் புதிய நார் உள்ளே போனால் கரைவது எங்கே ஈடுகொடுக்கும்? அதோடு கிரைசோடைல் பாறையில் ட்ரெமோலைட் கொஞ்சம் கலந்திருப்பதுண்டு. கனடாவின் கியூபெக் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைப் பார்த்தபோது, தாதுவில் மிகச் சிறு பங்காக இருந்த ட்ரெமோலைட் அங்கே கிரைசோடைலைவிட அதிகமாகச் சேர்ந்திருந்தது. வெள்ளை கரைந்துபோக, கரையாதது தங்கிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வெள்ளை உட்பட ஆறையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. உங்கள் அப்பா காலத்து ஷீட்டில் வெள்ளை மட்டும்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்லவும் முடியாது. பல நாடுகளில் பழைய ஷீட்டிலும் குழாயிலும் நீலமும் பழுப்பும் கலந்திருக்கிறார்கள்.

ஆசிட் விஷயம். அமிலத்தில் ஊறவைத்து மக்னீசியத்தைப் பெருமளவு எடுத்த கிரைசோடைல், விலங்குச் சோதனையில் குறைவாகக் கட்டி உண்டாக்கியது உண்மை. அந்த வீடியோக்காரர் இதைத்தான் எங்கேயோ கேட்டிருப்பார். அது ஆய்வகத்தில் நாரை மட்டும் தனியாக எடுத்துச் செய்தது. உங்கள் கூரையில் நார் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், மற்றதெல்லாம் சிமெண்ட். ஆசிட் ஊற்றினால் அது முதலில் தின்பது சிமெண்டின் சுண்ணாம்பை. நுரை பொங்குவது அதனால்தான். இத்தனை வருடம் நாரைப் பிடித்துவைத்திருந்த சிமெண்ட் போய், நார் முடிபோல நீட்டிக்கொண்டு நிற்கும். மக்னீசியம் அரைகுறையாகப் போன இடத்தில் உள்ளிருந்த இரும்பு புதிதாக வெளியே தெரியும். அதன் மேல் கம்பி பிரஷ். வழிந்த தண்ணீர் வாசலில் காய்ந்தால் நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மிச்சத்தைக் குடோனுக்குள் கொண்டுவந்துவிடும்.

பாசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறத்தில் ஒட்டிப் படர்ந்திருப்பது பெரும்பாலும் லைக்கன், பிரியாணியில் போடும் கல்பாசியின் சொந்தம். அது ஆக்ஸாலிக் அமிலத்தைச் சுரந்து நாரிலிருந்து மக்னீசியத்தை மெல்ல எடுக்கிறது, கூடவே மேலே போர்த்தி நார் பறக்காமலும் பிடித்துவைக்கிறது. இத்தாலியில் பழைய கூரைகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அதைச் சுரண்டினால் அந்தப் போர்வையோடு நாரும் பிய்ந்து வரும். கூரையைக் கழற்றுகிற நாள் வரை பாசியை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஸ்லைடு மேசை:

கோவையில் ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அக்கா சொன்ன இரும்பை நாங்கள் கண்ணால் பார்ப்போம். நுரையீரல் திசுவில் நீளமான நார் தங்கிவிட்டால் உடம்பு அதன் மேல் இரும்பும் புரதமும் சேர்த்துப் பூசிவிடும். மைக்ராஸ்கோப்பில் பொன்பழுப்பு நிறத்தில், இரு முனையும் உருண்டு, நடுவில் மணி மணியாகத் தெரியும். பெர்ல்ஸ் சாயம் போட்டால் நீலமாக மாறும், அந்தச் சாயம் இரும்பை மட்டும் காட்டுவது.

இப்படிப் பூச்சு விழுவது பெரும்பாலும் ஆம்ஃபிபோல் நார்களில்தான். ஸ்லைடில் இல்லை என்பதால் வெள்ளைக் கல்நார் படவே இல்லை என்று எழுத முடியாது, பூச்சு இல்லாத மெல்லிய நார் சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியவே தெரியாது. இன்னொன்று, நோயாளி என்ன வேலை செய்தார் என்பது எங்களுக்கு வரும் சீட்டில் அநேகமாக எழுதியிருக்காது. ஷீட் வேலை, பாய்லர் வேலை, பிரேக் லைனிங் வேலை செய்தவர்கள் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஷீட் ஆசாரி (அவிநாசி):

மீசை முளைக்காத வயதிலிருந்து இந்த ஷீட்டைத்தான் அறுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேனுங்க. கட்டிங் மிஷின் போட்டால் ஆள் தெரியாத அளவுக்குப் புகை. எனக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை. படித்தவர்கள் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது.

வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய ஷீட் மேல் நேராகக் கால் வைத்தால் உள்ளே விழுந்துவிடுவீர்கள், உயிர் போனவர்கள் உண்டு. பலகை போட்டு, அடியில் ஆங்கிள் ஓடும் வரிசையில்தான் நடக்க வேண்டும். ஜே போல்ட் எல்லாம் துருப்பிடித்திருக்கும், ஷீட்டைத் தட்டி உடைத்து எடுக்கத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். முந்தின நாளே எண்ணெய் விட்டுவைத்து, திரும்பாத போல்ட்டைக் கட்டர் வைத்து நறுக்கினால் ஷீட் முழுசாக இறங்கும்.

பெருந்துறைக்காரி:

அண்ணா, முழுசாக இறக்கும் வழியைச் சொன்னீர்களே, இந்தக் கேள்விக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஷீட் உடையாவிட்டால் நார் பறப்பது பெருமளவு குறையும்.

உங்களைப் பயமுறுத்த எனக்கு மனசில்லை. கல்நார் பட்ட எல்லாருக்கும் நோய் வருவதில்லை, அதுவும் உண்மை. ஆனால் பட்ட நாளிலிருந்து நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். "இன்றுவரை ஒன்றும் இல்லை" என்பதை வைத்து முடிவு கட்ட முடியாததற்கு அதுதான் காரணம். கட்டிங் மிஷின் புகைதான் இந்த வேலையிலேயே மோசமான நேரம், இனியாவது அதை விட்டுவிடுங்கள். நெஞ்சக நோய் மருத்துவரிடம் ஒருமுறை போய், செய்த வேலையைச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். புகையும் கல்நாரும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இரண்டையும் கூட்டிய அளவைவிட மிக அதிகமாக ஏறுகிறது. 1968-இல் அமெரிக்காவில் இன்சுலேஷன் தொழிலாளர்களிடம் செலிகாஃப் குழு இதைக் கண்டது. இதிலும் மேற்பரப்புக்குப் பங்குண்டு. புகையின் தாரில் உள்ள புற்றுநோய்ப் பொருள்கள் நாரின் பரப்பில் ஒட்டிக்கொண்டு செல்லுக்குள் போகும்.

தறிக்குடோன் (சோமனூர்):

ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா. ஆசிட்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழற்றுவதென்றே முடிவு. இன்னும் கொஞ்சம் சந்தேகம். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் போதுமா? உடைந்த துண்டுகளை வண்டித்தடத்துப் பள்ளத்தில் கொட்டலாமா, இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இல்லை, தீயில் போட்டால் நார் அழியுமா?

பெருந்துறைக்காரி:

துண்டு போதாது, நார் அதன் இழைகளுக்கு இடையே சுலபமாகப் போய்விடும். நுண்தூளைத் தடுக்கும் பி3 வடிகட்டி போட்ட ரப்பர் முகமூடிதான் வேண்டும். அதுவும் முகத்தில் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது.

வண்டித்தடத்தில் கொட்டாதீர்கள். டிராக்டர் சக்கரம் ஏறி ஏறி அதை மாவாக்கிவிடும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் நடப்பார்கள். கெட்டியான பாலிதீன் தாளில் சுற்றி ஒட்டி, எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதியே கேளுங்கள்.

தீ உதவாது. கிரைசோடைல் தன் நீரை இழந்து ஃபார்ஸ்டரைட் என்ற நாரில்லாத கனிமமாக மாறச் சுமார் 800 டிகிரி வேண்டும், அதையும் சீராகக் கொடுக்க வேண்டும். விறகுத் தீயில் ஷீட் வெடித்துச் சிதறும், அவ்வளவுதான்.

கழற்றும்போது ஷீட்டை இரண்டு பக்கமும் நனைத்தே வைத்திருங்கள். தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் விளக்கும் சோப்புத் திரவம் கலந்தால் நாருக்குள் நன்றாக ஊறும். வேகமாகப் பீய்ச்ச வேண்டாம், பூவாளி போதும். வேலை ஆட்களின் துணியை வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே நனைத்து அலசச் சொல்லுங்கள். கல்நார்த் தொழிலாளர்களின் துணியைத் துவைத்த மனைவிமாருக்கு மீசோதீலியோமா வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

தறி வைத்திருக்கிற உங்களுக்குத் தனியாக ஒன்று. வேலை தொடங்கும் முன் பாவையும் கோன்களையும் குடோனை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். தறிகளைத் தாள் போட்டு மூடுங்கள். முடிந்த பிறகு பஞ்சு ஊதுகிற கம்ப்ரஸரைத் தொடவே கூடாது. தரையில் விழுந்த தூளை அது மறுபடி ஆட்களின் மூக்கு உயரத்துக்குக் கிளப்பிவிடும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் ஷீட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

தறிக்குடோன் (சோமனூர்):

சரிங்க அக்கா. மாரியம்மன் நோம்பிக்கு ஊரே தறியை நிறுத்தும், அப்போது குடோனைக் காலி செய்து கழற்றிவிடுகிறேன். அவிநாசி அண்ணா, அந்த வாரம் உங்களுக்குத் தோதுப்படுமா? போல்ட்டுக்கு எண்ணெய் நான் முந்தின நாளே விட்டுவைக்கிறேன், முகமூடியும் ஆட்களுக்கெல்லாம் நானே வாங்கிவிடுகிறேன்.